குற்றவாளிக்குக் காபி இறங்காது

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஓடுகிற எல்லா மின்சார ரயிலிலும் ஏறி இறங்கித் தேடினாலும், எங்கள் சி.ஐ.டி. மாதிரி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு ஒருத்தரையும் பிடித்துக்கொடுக்காத துப்பறிவாளர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அப்படியே கிடைத்தாலும் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தரோடு நான் பட்ட அவஸ்தையே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

சி.ஐ.டி. என்றதும் தொப்பி, கோட்டு, பூதக்கண்ணாடி என்று போய்விடாதீர்கள். பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அவர் டெஸ்பாட்ச் கிளார்க். அதே கம்பெனியில் நான் டாக்குமென்டேஷன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். கப்பலுக்குப் போகிற சரக்குக்கெல்லாம் நான் காகிதம் தயார் செய்வேன், அவர் அதில் சீல் குத்துவார். ஒல்லி உடம்பு, சாயம் போன அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு ரெக்ஸின் பை, பைக்குள் ஒரு மாத நாவல். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று குனிந்து சீல் குத்திக்கொண்டிருப்பார்.

அவர் படித்ததெல்லாம் ஒரே வரிசை. ரிடையரான போஸ்ட்மாஸ்டர் பொன்னம்பலம் துப்பறிகிற மாத நாவல்கள். நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். படித்திருந்தாலும் ஞாபகம் இருக்காது, அதுதான் அந்த நாவல்களின் விசேஷம். செண்பகப்பேட்டை என்று எந்த மேப்பிலும் இல்லாத ஓர் ஊர். அங்கே மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று காணாமல் போகும். கோயில் மணி, கல்யாணப்பெண்ணின் ஜிமிக்கி, பள்ளிக்கூடத்து உலக உருண்டை, ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி. கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, துரத்திப் பிடிப்பதும் கிடையாது, ஏனென்றால் போஸ்ட்மாஸ்டருக்கு மூட்டுவலி. கடைசி அத்தியாயத்தில் சந்தேகத்துக்குரிய எல்லாரையும் வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிடுவார். மனைவி டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்து வைப்பார். போஸ்ட்மாஸ்டர் யார் பெயரையும் எடுக்காமல், நடந்ததை ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டு வருவார். குற்றவாளிக்கு மட்டும் காபி தொண்டையில் இறங்காது. டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கும். பிறகு ஒரு விம்மல், ஒரு மன்னிப்பு, எல்லாருக்கும் இரண்டாவது ரவுண்டு காபி, முற்றும்.

இதை ஒரு மனிதர் இருபது வருடத்துக்கு மேலாக மாதா மாதம் படித்தார் என்றால் நம்புவீர்களா? படித்தார். மாதத்தின் முதல் வாரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் புத்தகக் கடையில் போய் நிற்பார். புத்தகம் வரவில்லை என்று கடைக்காரர் சொன்னால் மறுநாளும் போய் நிற்பார். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள்கூட அவ்வளவு கவலையாக நின்று நான் பார்த்ததில்லை. புத்தகம் கையில் வந்துவிட்டால் அன்றைக்கு ரயிலில் பல்லாவரம் வந்தது தெரியாது, திரிசூலம் வந்தது தெரியாது. மீனம்பாக்கத்தில் யாராவது இடித்துவிட்டு இறங்கினால்தான் தலையைத் தூக்குவார். எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடி, திரும்பி வந்து, ஆபீசுக்குள் நுழைகிறபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன சி.ஐ.டி., ஏர்போர்ட்ல ஃபிளைட் லேட்டா?"

"இல்ல சார். வீணை காணாமப் போயிடுச்சு."

அவரைத் திருத்தலாம் என்று ஒரு தடவை நான் நல்ல கொலை நாவல் ஒன்று கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே தண்டவாளத்தில் தலை கிடக்கும். மறுநாள் லீவு போட்டுவிட்டார். அதற்கு மறுநாள் வந்து புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி என் மேஜையில் வைத்தார்.

"இதுல கண்டுபிடிக்க என்ன மேடம் இருக்கு? அவன் கையில கத்தி இருக்கு, சட்டையில ரத்தம் இருக்கு. கண்ணு தெரிஞ்சா போதும். நல்லவனா இருக்கறவன் ஒரு வெள்ளித் தட்டை எடுத்துட்டான்னு வைங்க, அவன கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்."

கேட்கிறபோது சிரித்தேன். பின்னால் இந்த வாக்கியம் எனக்கு எத்தனையோ முறை கசந்திருக்கிறது.

எங்கள் ஆபீசில் லோடிங் பார்த்த கபாலி, பாலவாக்கம் குப்பத்துப் பையன். மீன்பிடிக் குடும்பம். காலையில் படகு வந்து, விற்றது போக மிச்சத்தை அவன் அக்கா வறுத்து டப்பாவில் போட்டு அனுப்புவாள். கொஞ்ச நாளாக அந்த டப்பாவில் மத்தியானத்துக்குள் பாதித் துண்டு மாயமாகிக்கொண்டிருந்தது. கபாலி ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பொதுவாக எல்லாருடைய பரம்பரையையும் விசாரித்துவிட்டு, கடைசியில் சி.ஐ.டி.யிடம் வந்தான்.

"சார், நீ கண்டுபுடி சார். ஆளக் காட்டு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இருபது வருடமாகக் காத்திருந்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் பேக்கிங் ஹாலில் எல்லாருக்கும் தன் செலவில் டீ சொன்னார். மேனேஜர் உட்பட எல்லாரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்தோம். சி.ஐ.டி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பூனைக் கதையை ஆரம்பித்தார். செண்பகப்பேட்டையில் ஒரு சைவப் பூனை இருந்ததாம். ஊரே அதைக் கும்பிட்டதாம். ஆனால் அதற்கும் நாக்கு என்று ஒன்று இருந்ததாம். கதை பாதி போகும்போது நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் டீயைக் குடித்து முடித்துவிட்டார்கள். முட்டை பஃப்ஸ் வாங்கி வந்தால்கூட ஜன்னலைத் திறக்கச் சொல்கிற எங்கள் மேனேஜரின் டீயில் மட்டும் ஆடை படிந்துகொண்டிருந்தது.

சி.ஐ.டி. கதையை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்தார். கபாலி பின்னாலேயே ஓடினான்.

"யாரு சார் அது? சொல்லு சார், மூஞ்சியப் பேத்துடறேன்."

"தெரிஞ்சுபோச்சு கபாலி. ஆனா சொல்லமாட்டேன். ஆசைக்கு எடுத்திருக்கார்."

"ஆசன்னா கேட்டுத் துன்னட்டுமே. நான் இன்னா இல்லன்னா சொல்லப் போறேன்?"

"கேக்க முடியாத சீட்ல இருக்கார்பா."

கபாலி மேனேஜர் ரூம் கதவைப் பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் இரண்டு டப்பா கொண்டுவந்தான். ஒன்று ஸ்டோர் ரூம் அலமாரியில் தனியாக இருக்கும், மத்தியானம் சுத்தமாகக் கழுவித் திரும்பி வந்திருக்கும். அதற்குப் பிறகு சி.ஐ.டி. மீனம்பாக்கம் போய்விட்டு வந்தாலும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆபீசே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அன்றைக்கு அந்த டீ பலிக்காமல் போயிருக்கலாம். பலித்ததுதான் அவரைப் பிடித்த சனியன்.

அந்தச் சமயம் தாம்பரத்தைச் சுற்றி எல்லாருக்கும் பிளாட் ஜுரம். முடிச்சூரில் நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்திலெல்லாம் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். சி.ஐ.டி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் கெடுபிடி ஆசாமி. மோட்டார் போட நேரம், துணி காயப்போட நேரம், சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. சி.ஐ.டி.யின் மனைவி கோமதி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியை ஏக்கமாகப் பார்ப்பார்.

"எனக்கு பங்களாலாம் வேணாம்மா. என் இஷ்டத்துக்கு சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும். அத ஏன்னு ஒருத்தன் கேக்கக் கூடாது."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிள்ளை மாதிரி இருந்தது கோமதி அக்காவின் தம்பி சேகர். அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை. அக்காதான் தன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தார். கல்யாணமாகி வந்தபோதும் அவனைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். வளர்ந்து ஆளாகி, பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு ரூம் பிடித்துக்கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். சாப்பாட்டுக்கு அப்புறம் சி.ஐ.டி. போஸ்ட்மாஸ்டர் நாவலைச் சத்தமாகப் படிப்பார், கோமதி அக்கா மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். செண்பகப்பேட்டை ஆட்கள் அத்தனை பேரையும் அவருக்கும் தெரியும், காபி விதியும் அத்துப்படி.

முடிச்சூர் பிளாட்டைக் கொண்டுவந்தது சேகர்தான். அவனுக்குத் தெரிந்த புரோக்கர், தெரிந்த இடம். பி.எஃப். லோன், கோமதி அக்காவின் வளையல், சங்கத்துக் கடன் எல்லாம் சேர்த்துப் பத்திரம் பதிவானது. சாட்சிக் கையெழுத்தும் சேகர்தான் போட்டான். ஆபீசுக்கு லட்டு வந்தது.

வாங்கியவர்கள் எல்லாரும் வேலி போடுவார்கள், போர் போடுவார்கள். இவர் ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி முடிச்சூருக்குக் கொண்டுபோய், தன் நான்கு கல்லுக்கு நடுவில் விரித்து, குடை பிடித்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரைப் படித்தார். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"செருப்பைக் கழட்டிடுங்க மேடம், இது ஹால்."

வெறும் முள்ளுக்காடு. கழற்றினேன், வேறென்ன செய்ய. சமையல்கட்டு இருந்த இடத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் விரட்டக்கூட இல்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு போனபோது ஹாலில் கடைக்கால் தோண்டியிருந்தார்கள். ஒரு ரிடையரான பஸ் டிரைவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் பத்திரம் இருந்தது. அதே இடம், அதே அளவு, ஆனால் சி.ஐ.டி.க்கு முன்னாலேயே பதிவானது. ஒரே பிளாட்டை இரண்டு பேருக்கு விற்றிருந்தான் புரோக்கர். டிரைவர் நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். தண்ணீரைக் குடித்துவிட்டு, நாற்காலியை ரோட்டோரம் போட்டு, நாவலில் பாக்கி இருந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார் இவர்.

திங்கட்கிழமை என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உடனே போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க சார். நானும் வரேன். கபாலியையும் கூட்டிட்டுப் போலாம்."

"எதுக்கு மேடம் போலீஸ்? எல்லாரையும் வர ஞாயித்துக்கிழமை காபிக்குக் கூப்பிட்டிருக்கேன்."

"யார?"

"புரோக்கர, அந்த டிரைவர, நம்ம சேகர. நீங்களும் வாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது. மீன் திருடிய மேனேஜரும் நிலம் திருடுகிற புரோக்கரும் ஒன்றா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"மனசாட்சி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். அவன் அழுதுட்டான்னா பணத்த எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு அவனே சொல்லுவான்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். சின்ன ஹால், வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய நாற்காலிகள். வாசலில் கபாலி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாயேம்பா."

"வேணாம் மேடம். நான் சும்மா நின்னுகினு கீறேன். போவும்போது அவன் என்னைத் தாண்டித்தானே போவணும்."

புரோக்கர் வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து ஃபேனுக்கு நேராக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். டிரைவர் சங்கடத்தோடு ஓரமாக உட்கார்ந்தார். சேகர் சுவரோரம், என் பக்கத்தில். கோமதி அக்கா காபி கொண்டுவந்தார். கையில் கண்ணாடி வளையல் மட்டும்தான் இருந்தது. பிளாட் அவருடைய வளையல் அல்லவா. எல்லார் முன்னாலும் டம்ளரை வைத்துவிட்டு, அடுத்த டிகாக்ஷன் போட உள்ளே போனார்.

சி.ஐ.டி. ஆரம்பித்தார். செண்பகப்பேட்டையில் ஒருத்தர் இருந்தாராம். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவராம். அவர் மனைவிக்கு ஓர் ஆசையாம். ஆணி அடிக்கிற இடம் வந்தபோது டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக, ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்ற ஒருவன் இருந்தான் என்று சொல்லி நிறுத்தி, புரோக்கரின் டம்ளரைப் பார்த்தார்.

டம்ளர் காலி. அடியில் இருந்த நுரையைக்கூட விரலால் வழித்துவிட்டான்.

"அய்யய்ய, பாவம் சார் அந்த ஆளு," என்றான் புரோக்கர். "இப்டியும் ஏமாத்தறவன் கீறான் சார் ஊர்ல. நாமதான் உஷாரா இருக்கணும்." சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, காபி ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்னொரு டம்ளர் கிடைக்குமா?"

சி.ஐ.டி.யின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பக்கத்தில் திரும்பினேன். திரும்பியிருக்க வேண்டாம். சேகரின் டம்ளர் நிரம்பியிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆடை படிந்து, அதுவும் சுருங்கிவிட்டது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்த்ததை சி.ஐ.டி.யும் பார்த்துவிட்டார். எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. உள்ளே டபராச் சத்தம் கேட்டது. கோமதி அக்கா இரண்டாவது ரவுண்டோடு வந்துகொண்டிருந்தார். அவர் ஹாலுக்குள் கால் வைத்தால் முதலில் கண்ணில் படப்போவது தம்பியின் டம்ளர். விதி தெரிந்தவர் அவர்.

மூட்டுவலிக்கார போஸ்ட்மாஸ்டரைப் படித்தே வாழ்ந்த அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு எட்டில் வந்தார். தன் காலி டம்ளரை சேகரின் முன்னால் வைத்தார், அவனுடைய நிறைந்த டம்ளரை எடுத்தார், ஆறி அவலாகிப்போன அந்தக் காபியை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோமதி அக்கா வந்துவிட்டார்.

"சேகரு, குடிச்சிட்டியா? சக்கர போதுமாடா?"

சேகர் வாயைத் திறப்பதற்குள் சி.ஐ.டி. சொன்னார்.

"அவன் அப்பவே குடிச்சிட்டான். இன்னும் கொஞ்சம் ஊத்து."

அதோடு விசாரணை முடிந்தது. வந்ததற்கு எல்லாருக்கும் நன்றி சொன்னார். புரோக்கர் இரண்டாவது டம்ளரையும் முடித்துவிட்டுப் போனான். வாசலில் கபாலி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சி.ஐ.டி.யைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கபாலி என்னைப் பார்த்தான். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். வழியை விட்டுவிட்டான்.

சேகர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வர, சி.ஐ.டி. தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தார். போகிற வழியில் அவனே சொல்லிவிட்டானாம். "தெரியும் மாமா. ஏற்கெனவே வித்த இடம்னு தெரியும். அவன் வேற இடம் மாத்திக் குடுத்துடுவேன்னான், நம்பிட்டேன்." நம்பியதற்குக் கைமேல் கமிஷன் வாங்கியிருந்தான். அவன் புது பைக் அதில் வந்ததுதான். இதையெல்லாம் மறுநாள் லஞ்ச் வேளையில் சீல் பேடைத் துடைத்துக்கொண்டே சி.ஐ.டி. என்னிடம் சொன்னார்.

நான் கத்தினேன். பேக்கிங் ஹால் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இப்பவாவது போலீசுக்குப் போங்க சார். ரெண்டு பேரையும் உள்ள தள்ளுங்க."

"போனா புரோக்கர் முதல்ல சொல்ற பேரு சேகர்தான். சாட்சிக் கையெழுத்து அவனோடது."

"சொல்லட்டுமே."

"கோமதிக்குத் தெரிஞ்சுடும் மேடம். இடம் போனா அவ நாலு நாள் அழுவா. அவன் இப்படிப் பண்ணினான்னு தெரிஞ்சா அப்புறம் அவளுக்கு யார் இருக்கா? எனக்கு அப்புறம்?"

"அதுக்காக உங்க பிளாட்ட விட்டுடுவீங்களா?"

"விட்டாச்சு மேடம்," என்றார்.

அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அந்தப் புரோக்கர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் போஸ்ட்மாஸ்டர் பொன்னம்பலத்தின் மேல்தான் வந்தது. கொலை நாவல் எழுதுகிறவன் யோக்கியன். கத்தி வைத்திருப்பவனைப் பார்த்தால் ஓடு என்றாவது சொல்லிக்கொடுக்கிறான். செண்பகப்பேட்டைக் கதையை எழுதிய புண்ணியவான் திருடனை அழவைத்துவிட்டு முற்றும் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தத் திருடன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான், அவனுக்கு அப்பளம் பொரித்துப் போட வேண்டும் என்பதை எந்த மாதமாவது எழுதினானா? சேகர் வந்தான். ஒரு மாதம் வராமல் இருந்துவிட்டு, அப்புறம் வாராவாரம் வந்தான். சி.ஐ.டி. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிளாட் எப்படிப் போனது என்று கோமதி அக்காவிடம் அவர் சொன்ன கதை இது: பத்திரத்தைச் சரியாகப் படிக்காமல் அவசரப்பட்டது தன் தப்பு, நன்றாக விசாரித்துவிட்டுப் பதியலாம் என்றுதான் சேகர் அப்போதே சொன்னான். கோமதி அக்கா நம்பினார். நம்பியதால் வாய் ஓயவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில், ரேஷன் கடை வரிசையில், என் எதிரில், எங்கும் அவரை உரித்து உப்புக் கண்டம் போட்டார்.

"எந்நேரமும் புக்கு, புக்கு. துப்பறியறாராம். சொந்தப் பொண்டாட்டி வளையல் எங்க போச்சுன்னு துப்பறியத் துப்பில்ல."

அவர் தலையாட்டுவார். "ஆமா, அவ சொல்றது சரிதான்" என்பார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும்.

சேகர் மேலே மேலே போனான். பொத்தேரியில் சொந்தமாக ஹாஸ்டல் எடுத்து நடத்தினான். கடைசியில் முடிச்சூரிலேயே அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு சி.ஐ.டி.தான் தாய்மாமன் மாதிரி ஓடியாடி வேலை செய்தார். கோமதி அக்கா பட்டுப் புடவையில், எனக்கு ஒவ்வொரு ரூமாகக் காட்டினார். "பாத்தியாம்மா, சாமர்த்தியம் இருந்தா இப்படி." பால்கனியில் நின்றால் தூரத்தில் அந்த டிரைவரின் வீடு தெரிந்தது. மாடி எழுப்பிப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சி.ஐ.டி. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பந்தியில் யாருக்கோ பாயசம் போதவில்லை என்று ஓடினார்.

இத்தனைக்குப் பிறகும் மாதத்தின் முதல் வாரம் அவர் புத்தகக் கடையில் நின்றார். ஒரு நாள் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து அவர் அந்தக் கண்றாவியைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னுமா சார் இத நம்பறீங்க? உங்க போஸ்ட்மாஸ்டர் உங்கள நடுத்தெருவுல விட்டுட்டாரே."

அவர் படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல நடந்தது அவருக்குத் தெரியாது மேடம். வயசானவர். அவர் பாட்டுக்கு நல்லா இருக்கட்டும்."

அன்றைக்கு நான் குரோம்பேட்டை வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ரிடையராகி ஒரு வருடம்கூட அவர் இருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதே மேற்குத் தாம்பரம், அதே வாடகை போர்ஷன். நானும் கபாலியும் போனபோது சின்ன ஹாலில் கிடத்தியிருந்தார்கள். சேகர்தான் ஐஸ் பெட்டிக்கும் மாலைக்கும் ஃபோன் செய்துகொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். கோமதி அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கோமதி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை தம்பி வீட்டில், தம்பி கையால் கஞ்சி குடித்துத்தான் போனார். சி.ஐ.டி. போட்ட கணக்கு அந்த ஒன்றில் தப்பவில்லை. இனி இதைப் படித்து வலிக்க வேண்டியவன் சேகர் ஒருத்தன்தான். வலிக்கட்டும்.

அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆபீஸ்ல எல்லாரும் சி.ஐ.டி., சி.ஐ.டி.ன்னு கூப்பிட்டீங்களே. பக்கத்துல உக்காந்து காபி குடிச்சவன் ஏமாத்தினதக்கூடக் கண்டுபிடிக்கலையே இந்த மனுஷன். ஒண்ணும் தெரியாமலே போயிட்டாரேம்மா."

சேகர் கையில் மாலையோடு அப்படியே நின்றுவிட்டான். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடமாக அடக்கி வைத்தது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இந்த மனுஷனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை அக்கா, இதோ நிற்கிறானே இவனைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் கீழே பார்த்தேன். மூக்கில் பஞ்சோடு, சாயம் போன அந்தச் சட்டையோடு, யாரையும் பிடித்துக்கொடுக்காமல் படுத்திருந்தார்.

"ஆமாக்கா," என்றேன். "சாருக்கு ஒண்ணுமே தெரியாது."

சொல்லிவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எங்கப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.